முதுகுகளிடம் பேசிய டீச்சர்

போன வாரம் செங்காங்கில் இருந்து ஒரு டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். தொடக்கப்பள்ளி ஆசிரியை. சின்ன வயது போலிருக்கிறது, குரலிலேயே சிரிப்பு இருந்தது. அவர் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓவிய வாரமாம். நான் வந்து பிரஷ் பிடிப்பது எப்படி, வண்ணம் கலப்பது எப்படி என்று காட்ட வேண்டுமாம். அந்தக் காலத்தில் தேக்கா பக்கம் பிள்ளைகளுக்குப் படம் போடச் சொல்லிக் கொடுத்தவள் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"மைக் உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டு மேடம். பெரிய ஹால். பேரண்ட்ஸும் வருவாங்க."

அவ்வளவுதான். வர முடியாது என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. 'ம்... ம்...' என்றே ஓட்டினேன். கடைசியில் அந்தப் பெண்ணே இரக்கப்பட்டுப் பரவாயில்லை என்றார். வைக்கும் முன்னால் ஒன்று கேட்டார்.

"ஃபோன்ல பேசவே இவ்ளோ தயங்குறீங்களே... நீங்க எப்படி மேடம் கிளாஸ் எடுத்தீங்க?"

நியாயமான கேள்விதானே? பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தாள் வேண்டும். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எழுதச் சொன்னால் நிறுத்த மாட்டேன், பேசச் சொன்னால் தொடங்க மாட்டேன்.

சரி, சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபது வயது ஆகியிருக்காது. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஜாலான் புசாரில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் நானும் என் அண்ணனும். அண்ணன் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். அவருக்கு நான்தான் பெயிண்ட் கலப்பேன். எழுத்தின் ஓரத்தை அவர் இழுப்பார், உள்ளே நான் நிரப்புவேன். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் செய்யக்கூடிய வேலை. எனக்கென்றே படைத்த மாதிரி.

சிராங்கூன் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் பலகை எழுதப் போனார். நானும் போனேன். எழுத்துக்குப் பக்கத்தில் சும்மா இருக்கட்டும் என்று ஒரு மயில் போட்டேன். தலைமையாசிரியர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெரிய உருவம், பெரிய குரல், நல்ல மனிதர். ஓவியப் பாடம் எடுக்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். பாட அட்டவணையில் ஓவியம் இருந்தே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இருந்த ஆசிரியர்களில் யாருக்கும் ஒரு கோழிக்குஞ்சுகூட வரையத் தெரியாது. தற்காலிகமாகத் தங்கச்சியை அனுப்புகிறாயா என்று அண்ணனிடம் கேட்டார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? 'ம்... ம்...' தான்.

முதல் நாள் வகுப்புக்குள் போனேன். இரண்டாம் வகுப்பு. பெஞ்சுக்கு நான்கைந்து பேராக நெருக்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்று ஒரே குரலில் இழுத்தார்கள். அத்தனை ஜோடிக் கண்கள்.

திரும்பி நின்று கரும்பலகையில் ஒரு சேவல் வரைந்தேன்.

அன்று கண்டுபிடித்தேன் — மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடத்தக்கூடிய பாடம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அது ஓவியம். கணக்கு வாத்தியார் அப்படி நின்றால் சோம்பேறி என்பார்கள். நான் நின்றால் வரைகிறாள் என்பார்கள். சேவலின் தலையை வட்டமாகத் தொடங்கினால், பின்னால் பிள்ளைகளும் வட்டம் போடுவார்கள். வால் வளைத்தால் வால் வளைப்பார்கள். மணி அடிக்கும். சாக்பீஸை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிடுவேன்.

எத்தனை நாள் அப்படி ஓட்ட முடியும்?

தலைமையாசிரியரின் அறை என் வகுப்புக்குப் பக்கத்தில். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் அவருக்குக் குரல் கேட்கும். வாய்ப்பாடு கேட்கும், செய்யுள் கேட்கும், திட்டு கேட்கும். என் வகுப்பில் மட்டும் மயான அமைதி. ஒருநாள் கூப்பிட்டார்.

"அம்மா, படம் நல்லாத்தான் போடுறே. ஆனா வாத்தியார் வேலைக்கு வாய் வேணும்மா. பலகையைப் பார்த்துப் பிள்ளைங்க காப்பி அடிக்குது. எப்படிப் பிடிக்கணும், ஏன் அப்படிக் கலக்கணும்னு நீ சொன்னாத்தானே தெரியும்?"

பள்ளிக்கூடத்துக் கமிட்டித் தலைவர் விடுமுறைக்கு முன்னால் வகுப்புகளைப் பார்க்க வருவாராம். படம் போட ஒரு டீச்சர் எதற்கு என்று அவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர் வரும்போதும் நான் இப்படி ஊமையாக நின்றால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். வருத்தமாகச் சொன்னதால்தான் பயமாக இருந்தது.

வேலை போனால் எனக்கு என்ன? திரும்பவும் அந்த அறை, அந்தப் பெயிண்ட். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. சந்தில் நடந்து போனால், எங்கிருந்தோ ஒரு வாண்டு, "டீச்சர் போறாங்க" என்று இன்னொரு வாண்டுக்குக் காட்டும். என்னை... டீச்சர் என்று! அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பேச வரவில்லை என்றால் வேறு எதையாவது சிறப்பாகச் செய்து காட்டுவோம் என்று தோன்றியது. பிள்ளைகளின் படங்களைப் பார்த்து எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாவற்றையும் சின்னதாக, தாளின் ஒரு மூலையில் போடுவார்கள். தேக்கா மார்க்கெட்டில் பார்த்த கொடுவா மீனை வரையச் சொன்னால் நெத்திலி வரைவார்கள். ஏன்? வீட்டில் தாளை வீணாக்காதே என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைகள். விரல் நுனி மட்டும் அசையும். தோள் அசையாது. தோளில் இருந்து கை அசைந்தால்தான் கோட்டுக்கு உயிர் வரும். பலகை எழுதுகிற வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியும்.

அதனால் அண்ணனிடம் சொல்லி, துணிக்கடைகளில் கட்டுகளைச் சுற்றி வரும் பெரிய பழுப்புத் தாள்களை வாங்கி வந்தேன். வண்ணப் பொடியைத் தண்ணீரும் கோந்தும் விட்டுக் கலந்து, பால் டின்களில் ஊற்றினேன். சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்று போதும், மற்றதைப் பிள்ளைகளே கலந்துகொள்ளட்டும். அவ்வளவு பெரிய தாளுக்குப் பெஞ்சில் இடம் ஏது? பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளித் தாள்களைத் தரையில் விரித்தோம். ஆளுக்கு ஒரு மீன். தாள் முழுக்க.

வழக்கம்போல நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் செதில் வரைந்துகொண்டிருந்தேன். பின்னால் சலசலப்பு. பிறகு கிசுகிசுப்பு. பிறகு ஒரு மாதிரி அடக்கிய சிரிப்பு.

திரும்பினேன்.

வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் கண்ணிமை வண்ணமாக இருந்தது. ஒருத்திக்கு இரண்டு கண்ணும் நீலம். ஒருத்தனுக்கு ஒரு கண் சிவப்பு, ஒரு கண் மஞ்சள். இன்னொருத்தனுக்குப் பச்சை... வண்ணம் கலக்க நான் இன்னும் சொல்லிக் கொடுக்கவே இல்லை!

என்ன நடந்தது என்று நம் வீடுகளில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நெருக்கி விரித்த தாள்கள். எட்டி டின்னில் பிரஷ்ஷை நனைக்கும்போது ஒருத்தியின் கால் தாளில் பட்டுவிட்டது. தாளை மிதித்தால் என்ன செய்ய வேண்டும்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஈரப் பெயிண்டைத் தொட்டாள், இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். பக்கத்தில் இருந்தவன் அவள் தாளை மிதித்தான், அவனும் ஒற்றினான். வரிசை வரிசையாக... பக்தியோடு. ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை.

சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் முதலில் மிதித்த ராசாத்தி கண்ணைக் கசக்கி அழத் தொடங்கிவிட்டாள். பொடி உள்ளே போய்விட்டது. எல்லோரையும் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராசாத்திக்கு மட்டும் கண் மிளகாயாய்ச் சிவந்து, வீங்கிவிட்டது. தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்தார். நான் வகுப்பைப் பார்த்து நின்றிருந்தால் முதல் பிள்ளையோடு நின்றிருக்கும் — இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் ராசாத்தியின் அம்மா வந்துவிட்டார்.

ரேஸ்கோர்ஸ் ரோடு பக்கம் வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுப்பவர். முழங்கை வரை ஏற்றிவிட்ட சட்டை. ஒரு கையில் ராசாத்தி. மகளுக்கு வீக்கம் வடிந்திருந்தது, சிவப்பு மட்டும் பாக்கி. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விட்டார். நான் போய்ச் சுவரோரமாக நின்றேன்.

"நீதான் படம் போடுற டீச்சரா? பிள்ளை கண்ணுக்கு எதும் ஆயிருந்தா நான் யாருகிட்ட போயி நிக்கிறது? படிக்க அனுப்புனா கண்ணுல சாயம் அடிச்சு அனுப்புறீங்க. இது பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?"

நான் தரையைப் பார்த்தேன். ராசாத்திதான் பேசினாள்.

"டீச்சர் அடிக்கல, நாந்தான் ஒத்திக்கிட்டேன். பேப்பர மிதிச்சா சரஸ்வதி, தொட்டுக் கும்புடணும்னு நீதானம்மா சொன்ன?"

தலைமையாசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ராசாத்தியின் அம்மா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சண்டைக்கு என்று வந்த மனிதர் பாதியில் எப்படித் திரும்பிப் போவது? விடவில்லை.

"சரி, அவதான் கும்புட்டா. நீ எதுக்குப் பேப்பரக் கொண்டுபோயித் தரையில போடுற? எங்க வீட்டுக்காரரு கைலியக்கூட நான் தரையில போட மாட்டேன். கம்புல போட வேண்டியதுதானே?"

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் என் தலைக்குள் வேறு ஏதோ ஓடியது. கம்பு. துணி காயப்போடும் மூங்கில் கம்பு. சுவரோரம் கட்டி, தாளைத் துணிபோல் தொங்கவிட்டால்... யார் கால் படும்?

நிமிர்ந்தேன். "கம்பு எங்க கிடைக்கும்?"

அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சு. தலைமையாசிரியர் இருமலை நிறுத்திவிட்டார். ராசாத்தியின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ என்னடி, திட்டுனா கம்பு கேக்குறா" என்றார் மகளிடம்.

அடுத்த ஓவிய வகுப்பு புதன்கிழமை. மதியம் வாசலில் ராசாத்தியின் அம்மா நிற்கிறார். தோளில் ஒரு கட்டு மூங்கில் கம்புகள், மடியில் துணி மாட்டும் மரக் கிளிப்புகள். சன்னல் கம்பிகளில் கயிற்றைப் போட்டு, வராந்தாச் சுவர் நெடுகக் கம்புகளைக் கட்டினார். பிள்ளைகளின் நெஞ்சுக்குத் தாள் வருகிற உயரம். ஆட்டிப் பார்த்தார். உறுதியாக இருந்தது. சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாள்களை மாட்டினேன். இரண்டு பிள்ளைக்கு ஒரு தாள். காற்றில் தாள் ஆடாமல் இருக்க இடது கையால் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், வலது கையில் பிரஷ். அப்படி நின்றால் ஒரு பிள்ளையாலும் திரும்பிப் பார்க்க முடியாது.

நான் பின்னால் நின்று பார்த்தேன். வராந்தா முழுக்க... முதுகுகள். வெள்ளைச் சட்டை முதுகு, இரட்டைச் சடை முதுகு. ஒரு கண்கூட என்னைப் பார்க்கவில்லை.

பெயிண்ட் வழியத் தொடங்கியது. தரையில் இருந்தபோது தெரியாத குற்றம் சுவரில் தெரிந்துவிட்டது. பிரஷ்ஷில் தண்ணீர் அதிகமானால் மீனின் வயிற்றிலிருந்து நீலம் ஓடி வாலை நனைத்தது. பிள்ளைகள் கத்தினார்கள். யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"டின் விளிம்புல பிரஷ்ஷ வழிச்சுட்டு எடுங்க."

யார் சொன்னது? நான்தான். முதுகுகள் கேட்டுக்கொண்டன. பிரஷ்கள் டின் விளிம்பில் வழிக்கப்பட்டன. ஒழுகல் நின்றது.

அட!

"மஞ்சள் முதல்ல. வெளிர் நிறம் முதல்ல, அடர்ந்தது பிறகு. பச்சை வேணும்னா மஞ்சள்ல நீலத்தைச் சொட்டு விடுங்க, நீலத்துல மஞ்சளை ஊத்தாதீங்க, டின்னே காலியாயிடும். வேற நிறம் தொடுறதுக்கு முன்னாடி பிரஷ்ஷக் கழுவணும். கையைத் தோள்ல இருந்து வீசு... இன்னும் பெருசா. அது கொடுவாடா, நெத்திலி இல்ல."

வாய் நிற்கவில்லை. இத்தனை வருஷம் எங்கே இருந்ததோ, எல்லாம் வந்தது. அன்று மணி அடித்ததே எனக்குக் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் கம்பு வந்தது. சாயந்திரம் போனது.

கமிட்டித் தலைவர் வருகிற நாள் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் வேண்டுமென்றே சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லியிருந்தால் அன்று நான் பள்ளிக்கூடத்துக்கே வந்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

அன்று பிள்ளைகள், தலைக்கு மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடுமே, அந்த டிராலி பஸ்ஸை வரைந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முதுகைப் பார்த்தபடி, சக்கரம் இரண்டும் ஒரே தரையில்தான் நிற்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம். எவனோ நழுவி வெளியே போய்விட்டு வருகிறான் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"பின்னாடி யாரு சும்மா நிக்கிறது? அந்தக் கடைசிப் பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு ராசாத்தி பக்கத்துல போயி நில்லு."

போய் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. சின்ன முதுகுகளுக்கு நடுவே ஒரு பெரிய முதுகு. கையில் பிரஷ்.

என் குரல் போன இடம் தெரியவில்லை. ராசாத்தி தன் பக்கத்தில் நின்றவரை அண்ணாந்து பார்த்து, மிகப் பொறுப்பாகச் சொன்னாள்.

"தாத்தா, தண்ணி ஜாஸ்தி. விளிம்புல வழிங்க. இல்லாட்டி வேட்டில ஒழுகும்."

அவர் வழித்தார். ஒரு சக்கரத்துக்கு உள்ளே நீலம் நிரப்பினார். நன்றாகத்தான் நிரப்பினார். பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு — அதையும் ராசாத்திதான் ஞாபகப்படுத்தினாள் — வாசலில் நின்ற தலைமையாசிரியரிடம் போனார்.

"இந்தப் பொண்ணுக்கா வாய் இல்லைன்னீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தேன். அறுபதுகளில் எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறக்கும்வரை இருந்தேன். வாய் இருப்பவர்கள் நம் பக்கம் திரும்பி நின்று தைரியமாகப் பேசு, பேசு என்பார்கள். அவர்கள் திரும்பி நிற்பதுதான் நமக்குச் சிக்கலே என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஆனால் இதை எழுதத் தொடங்கியது அதற்காக இல்லை. ராசாத்தியின் அம்மாவுக்காக.

ஒரு மழைக்காலத்தில்தான் எனக்கு உறைத்தது. வாரம் முழுக்கத் தூறல். புதன்கிழமை மட்டும் பளீரென்று வெயில். துணி துவைக்கிறவருக்கு அந்த ஒரு மதியம் என்றால் என்ன? கம்புகள் பள்ளிக்கூடத்தில் படம் சுமந்துகொண்டிருக்க, அவர் வீட்டில் எதில் காயப்போடுவார்? அன்று வகுப்பு முடிந்ததும் நானே கட்டைச் சுமந்துகொண்டு அவர் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். கதவிலும் படியிலும் வேலியிலுமாக ஊரார் வேட்டி சட்டையெல்லாம் விரித்துக் கிடந்தது. பாதிக்கும் மேல் ஈரம். அவர் கம்புகளை வாங்கி, ஒரு படுக்கை விரிப்பை உதறத் தொடங்கினார்.

நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. எப்படி வரும்? அவர் விரிப்பைக் கம்பில் போடத் திரும்பும்வரை காத்திருந்தேன். திரும்பினார். முதுகைப் பார்த்துச் சொன்னேன் — அவரால்தான் நான் டீச்சர் ஆனேன் என்று. வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கு ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரிய வைத்தவர் அவர்தான் என்றும் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் திரும்பவே இல்லை.

"அங்க நின்னு என்ன முணுமுணுக்குற? வந்து இந்த முனையப் புடி, வெயில் போவுது" என்றார்.

போய்ப் பிடித்துக்கொண்டேன்.